மேற்படி நபர்

பள்ளி விளையாட்டுக் கழகத்தின் விதிச் செயலாளருக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே எல்லோரும் 'சார்' என்பார்கள். முதுகைத் திருப்பினால் 'மேற்படியார்'. இந்த இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியாது என்று கழகமே நம்பிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் அவருக்கு அதில் ஒரு குஷி. இருக்கிற ஆயிரமாயிரம் சொற்களில் ஒன்றை நம் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வார்.

பிழைப்புக்கு அவர் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். 'அண்ணன் தம்பியிடம் அவன் சட்டையைக் கொடுத்தான்' என்று எந்தப் பிள்ளையாவது எழுதிவிட்டால் போதும், "எவன் சட்டை? அண்ணனுதா, தம்பியுதா?" என்று அந்த வகுப்பையே ஒரு வழி பண்ணிவிடுவார். ஒரு சொல் யாரைச் சுட்டுகிறது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வாக்கியம் இல்லை, வாந்தி என்பார். இதை நான் இங்கே முன்கூட்டியே சொல்லிவைப்பது அவர்மேல் உள்ள மரியாதையால் அல்ல, அவரை மாட்டிவிடத்தான்.

மல்யுத்தம் அவருடைய பொறுப்பில் வந்து பதினாறு வருஷம் ஆயிற்று. அதில் ஒரு நாள்கூட அவர் மேட் என்கிற அந்த ரப்பர் விரிப்பின்மேல் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அவருடைய களம் காகிதம். அறுபத்திரண்டு விதிகள், ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ என்று கிளைகள். அந்தப் புத்தகத்தில் 'மேற்படி' என்ற சொல் நூற்று நாற்பத்தேழு இடங்களில் வருவதாகக் கைப்பந்துப் பிரிவில் ஒரு வேலையற்றவர் எண்ணி வைத்திருக்கிறார். மேற்படி மாணவர், மேற்படி காலணி, மேற்படி நகம். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் 'மேற்படி' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவதில் அவருக்கு இருந்த சுகம், மற்றவர்களுக்கு முதுகு சொறிந்துகொள்வதில் கிடைக்கிற சுகம்.

அவருக்கு ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு. ஐம்பது கிலோ எடைப்பிரிவில் மல்யுத்தம் செய்கிறவள். அவளிடம் மண்டல அளவில் வாங்கிய ஒரு தங்கப் பதக்கம் இருந்தது. போன வருஷத்தது. அது வீட்டில் கரண்டிகள் போட்டுவைக்கும் இழுப்பறையில் கிடந்தது. அப்பா இரண்டு தடவை அதை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்துச் சுவரில் மாட்டினார். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அது கரண்டிகளோடு போய்ச் சேர்ந்திருந்தது. யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம்தான்.

நடந்தது இதுதான். இறுதிப் போட்டிக்கு வந்த பிள்ளைகள் அன்று காலை எட்டு மணிக்குள் மறுபடி எடை பார்க்க வேண்டும். அவர் எழுதிய விதியின்படி, எட்டு மணிக்குள் 'எடைக்கருவியில் ஏறியிருக்க' வேண்டும். போன வருஷம் மகளோடு மோத வேண்டியிருந்த பெண் ஏழே முக்காலுக்கே வந்து வரிசையில் நின்றாள். வரிசையில் கடைசி ஆள். நடுவில் எடைக்கருவியின் பேட்டரி தீர்ந்துபோனது. வேறு பேட்டரி தேடி எடுத்துவந்து போட்டு, அவள் முறை வந்து அவள் ஏறியபோது மணி எட்டு இரண்டு. பக்கத்தில் கைக்கடிகாரமும் புத்தகமுமாக நின்றுகொண்டிருந்தவர் நம் செயலாளர். அந்தப் பெண் தகுதி இழந்தாள்.

அவளுடைய பயிற்சியாளர் எதிர்ப்பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் டீச்சர் என்று பெயர். அவர் மேல்முறையீடு செய்தார், மன்றாடினார், கடைசியில் கத்தினார். "பிள்ளைங்க நேரத்துக்கு வரணும்னுதானே சார் அந்த விதி? இவ நேரத்துக்குத்தானே வந்தா?" என்று கேட்டார். அதற்கு நம் ஆள் சொன்ன பதில் கழகத்தின் தீர்ப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது: 'எழுதியவர் மனத்தில் இருந்தது விதி ஆகாது. எழுத்தில் இருப்பதே விதி.' சொல்லிவிட்டு, "என் சொந்தப் பொண்ணா இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். கேட்டவர்கள் எல்லோரும் அவருடைய நேர்மையை மெச்சியதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அன்று மகள் மேட் மேல் தனியாக ஏறி நின்றாள். எதிரே யாரும் இல்லை. நடுவர் அவள் கையைப் பிடித்து உயர்த்தினார். கைதட்டியவர் ஒரே ஒருவர், அவளுடைய அப்பா. அதற்குப் பிறகு அவள் வீட்டில் மல்யுத்தத்தைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டாயா, படித்தாயா என்பதற்கெல்லாம் பதில் வரும். பயிற்சி எப்படிப் போகிறது என்றால் "போகுது" என்ற ஒரு சொல். தகுதி இழந்த பெண்ணுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

இந்த வருஷமும் ஐம்பது கிலோ இறுதிப் போட்டிக்கு அதே இருவர்தான் வந்தார்கள். இரண்டு பேருக்கும் பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். இதை விட்டால் இருவரும் மோத இன்னொரு போட்டி கிடையாது. மகள் ஒரு வாரமாக உப்பைக் குறைத்து, காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு போட்டியைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்பது செயலாளருக்கே தெரிந்தது. அவருக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு எடை பார்க்கும் அறைக்கு அவரே போனார். மனைவி நர்ஸ், காலை வேலை. இந்த வருஷம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. பிள்ளைகளைத் துணை இல்லாமல் எடை பார்க்கிறார்கள் என்று ஒரு தாய் புகார் எழுதியிருந்தார். நியாயமான புகார். செயலாளர் உடனே உட்கார்ந்து, பதினான்காம் விதியில் (அ)வுக்கும் (ஆ)வுக்கும் நடுவில் புதிதாக ஒன்றைச் செருகி, பழைய (ஆ)வை (இ) ஆக்கி, நான்கு தடவை திருத்திப் பார்த்து அச்சுக்குக் கொடுத்திருந்தார். நான்கு தடவையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். ஒற்று மிகும் இடங்கள் எல்லாம் சரியாக மிகுந்திருந்தன.

எடை பார்ப்பது பள்ளியின் மருத்துவ அறையில். திரைக்குப் பின்னால் கழகத்தின் பெண் எழுத்தர் எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். அப்பாக்கள் வாசலோடு சரி. மகள் நாற்பத்தொன்பது புள்ளி ஏழு. அடுத்து 'ரெண்டு நிமிஷம்' போனாள். இந்த வருஷம் அவள் ஏழரைக்கே வந்துவிட்டாள். கூடவே அவளுடைய அம்மாவும் விசில் டீச்சரும் போனார்கள். அம்மா ஒரு தையல்காரர். ஒடிசலான, சின்ன உருவம். சற்று நேரத்தில் உள்ளே ஏதோ சிரிப்புச் சத்தம்.

"நீங்க எதுக்கும்மா ஏறுறீங்க?" என்று எழுத்தர் கேட்பது கேட்டது.

"ஏறட்டும். எடையப் பாத்து அந்தப் பேருக்குப் பக்கத்துலயே எழுதிக்கோங்க" என்றது விசில் டீச்சரின் குரல்.

"நாப்பத்தேழு புள்ளி ஆறு."

பாவம், சும்மா கிடக்கிற எடைக்கருவியைப் பார்த்தால் யாருக்கும் ஒரு ஆசை வரத்தானே செய்யும் என்று வாசலில் நின்ற செயலாளர் புன்னகை செய்துகொண்டார். தன் வயிற்றையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

இறுதிப் போட்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தபோது ஆட்சேபணை மனு வந்தது. முறைப்படி மூன்று பிரதி, நீல மை, உரிய நேரத்துக்குள். விசில் டீச்சர் ஒரே வருஷத்தில் எவ்வளவு தேறிவிட்டார் என்று செயலாளருக்குப் பாராட்டத் தோன்றியது. பிறகுதான் உள்ளே இருந்ததைப் படித்தார். மனு அவருடைய புத்தகத்திலிருந்தே பதினான்காம் விதியை எடுத்து எழுதியிருந்தது.

(அ) போட்டியாளர் இறுதிப் போட்டியன்று காலை எடை பார்க்கும் அறைக்கு வந்துசேர வேண்டும். (ஆ) போட்டியாளரின் பெற்றோரில் ஒருவர் அவருக்குத் துணையாக வருதல் வேண்டும். (இ) மேற்படி நபர் எட்டு மணிக்குள் எடைக்கருவியில் ஏறியிருக்க வேண்டும். மேற்படி நபரின் எடை உரிய பிரிவின் அளவைத் தாண்டினாலும், எடை பதிவாகாமல் போனாலும் போட்டியாளர் தகுதி இழப்பார்.

முதல் தடவை படித்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை (இ)யிலிருந்து கண்ணை மெதுவாக மேலே ஏற்றினார். மேற்படி நபர். மேலே இருக்கிற நபர். மேலே பெற்றோரில் ஒருவர் இருந்தார். போன வருஷம் வரை அந்த இடத்தில் போட்டியாளர் இருந்தார். நடுவில் இவர் கையாலேயே ஓர் அப்பாவையோ அம்மாவையோ கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். விதிப்படி எடை பார்க்கப்பட வேண்டியவர் துணைக்கு வந்தவர்தான். ஐம்பது கிலோப் பிரிவுக்கு அவர் ஐம்பது கிலோவுக்குள் இருக்க வேண்டும். மகளுக்குத் துணை வந்த நம் செயலாளர் இருந்தது எண்பத்தொன்று. அதுவும் போன மாதக் கணக்கு.

மனுவின் கடைசி வரி: 'எனவே ஐம்பது கிலோ இறுதிப் போட்டியாளர்கள் இருவரில், பெற்றோரின் எடை முறைப்படி பதிவாகி, அளவுக்குள் அமைந்திருக்கும் ஒரே போட்டியாளர் எங்கள் பள்ளி மாணவியே ஆவார்.' மற்ற எடைப்பிரிவுகளில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்காத போட்டியில் கழகம் தலையிடாது. அதுவும் அவர் எழுதியதுதான்.

விசாரணை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. வேறு அறை காலியாக இல்லை. கழகத் தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நாற்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் கை வைத்தவர் என்பதால் யாரும் பதில் பேசுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அவருக்குக் கிடையாது. தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வார். கழுவுதொட்டிக்கு இந்தப் பக்கம் செயலாளர், அந்தப் பக்கம் விசில் டீச்சர்.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லையே" என்றார் தலைவர். "அச்சுப்பிழைதானே சார்? அச்சுப்பிழைதான். அப்படின்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சது."

நம் செயலாளர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொன்னார் என்றா? இல்லை. "அச்சுப்பிழைதான்" என்றார். சொல்லும்போது குரல்கூடத் தடுமாறவில்லை. அச்சகத்தில் யாரோ ஒரு வரியை விட்டிருப்பார்கள், இப்போதெல்லாம் வேலையில் யாருக்கும் அக்கறை இல்லை என்று ஒரு பெருமூச்சும் விட்டார்.

விசில் டீச்சர் கையோடு கொண்டுவந்திருந்த விதிப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்து தலைவர் முன்னால் வைத்தார். அங்கே கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் இருந்தது: 'இப்பதிப்பு என் நேர்ப் பார்வையில் நான்கு முறை மெய்ப்பு நோக்கப்பட்டது. இதில் அச்சுப்பிழை ஏதும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்.' கீழே செயலாளரின் கையெழுத்து. அதற்குக் கீழே, கழகம் கேட்காமலேயே அவர் போட்டுக்கொண்ட புகைப்படம். புகைப்படத்தில் இருந்தவர் மிகவும் திருப்தியாகத் தெரிந்தார்.

ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. செயலாளருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சரி, அப்ப பிழை அச்சுல இல்ல, எழுத்துல" என்றார் தலைவர். "எழுதுனவர் நினைச்சது வேற. அத வெச்சு முடிவு பண்ணலாமா? பண்ணலாம்."

"பண்ணலாம் சார். தாராளமா பண்ணலாம்" என்றார் விசில் டீச்சர். "ஆனா போன வருஷம் இதே கழகம் என்ன சொல்லிச்சுன்னு ஒரு தடவ படிச்சிடுறேன்." தீர்ப்புப் பதிவேட்டின் நகல் அவர் கையில் தயாராக இருந்தது. படித்தார். எழுதியவர் மனத்தில் இருந்தது விதி ஆகாது. எழுத்தில் இருப்பதே விதி. நிறுத்தி, நிதானமாக, ஒற்று எழுத்தெல்லாம் தெளிவாக விழும்படி படித்தார். இலக்கண ஆசிரியருக்குக் குறை சொல்ல ஓர் இடம்கூட வைக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். "எழுத்துதான் விதின்னா, இந்த வருஷத் தங்கம் எங்க பொண்ணுக்கு. மனசுல இருந்ததுதான் விதின்னா, போன வருஷம் எங்க பொண்ண வெளிய அனுப்புனது தப்பு. அந்தத் தப்ப எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் இந்த மனுவ இப்பவே கிழிச்சிடுறேன். எங்க பொண்ணு சும்மா வாங்கிட்டுப் போறதுக்கு வரல சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருஷத் தீர்ப்பு தப்பு என்று பதிவானால் அந்தத் தங்கப் பதக்கம் கழகத்துக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். செயலாளருக்குப் பத்து நிமிஷம் அவகாசம் கொடுத்தார்.

செயலாளர் வெளியே நடைவழிக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார். அவருக்கு ஆறுதல் வேண்டியிருந்தது. ஆறுதலுக்கு மனைவியைக் கூப்பிடுவது அவர் வழக்கமாகச் செய்யும் இன்னொரு தவறு.

மனைவி முழுவதையும் கேட்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. "என்னங்க, நானும் அம்பத்தெட்டு. நான் வந்திருந்தாலும் ஆயிருக்காது" என்றாள். பிறகு குரல் மாறியது. "அவகிட்ட கேட்டீங்களா?"

"யாருகிட்ட?"

"நல்லாருக்கு. மோதப் போறது நீங்களா, அவளா?"

மகள் நடைவழிக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் அவள் காதுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. பள்ளிக்கூட நடைவழிகளில் எதுவும் தங்குவதில்லை. அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று யோசித்து, தனக்குத் தெரிந்த இடத்திலேயே தொடங்கினார்.

"அது வந்தும்மா, (இ)ங்கற உட்பிரிவுல 'மேற்படி'ங்கற சொல்லு..."

"தெரியும்பா."

"எழுத்துப்படி பாத்தா அவங்க சொல்றது சரிதான். அப்படி விட்டா நீ இன்னிக்கு இறங்க முடியாது. இல்லன்னா போன வருஷம் நான் சொன்னது தப்புன்னு எழுதித் தரணும். உன் மெடல் போயிடும். கழகத்துல இனி என் பேச்சை யாரு..."

அவள் நாடாவை விட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருஷமாக அவரை அவள் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"சொந்தப் பொண்ணா இருந்தாலும் இதையேதான் செய்வேன்னு சொன்னீங்கள்ல? செய்யுங்கப்பா. எனக்குக் கிடைச்ச மாதிரியே அவளுக்கும் கிடைக்கட்டும். மேட் மேல தனியா ஏறி நிக்கட்டும். எதிர்ல ஆள் இல்லாம கையைத் தூக்கட்டும். எப்படி இருக்கும்னு அவளுக்கும் தெரியட்டும்."

அவர் குனிந்து, அவள் விட்டுவிட்ட நாடாவைக் கையில் எடுத்தார்.

"அந்த மெடல வாங்கினதுக்கு எங்க டீம்ல ஒருத்திகூட எனக்குக் கைகுடுக்கலப்பா. அவ மட்டும்தான் வந்து குடுத்தா. வெளியில நின்னுட்டிருந்தவ உள்ள வந்து குடுத்துட்டுப் போனா. எனக்கு அந்த எடத்துலயே செத்துடலாம் போல இருந்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு ஜெயிக்கணும்னுகூட இல்ல. அவளோட ஒரு தடவ மோதணும். அவ்வளவுதான்."

செயலாளர் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பதினாறு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் காலணிக்காகவும் நகத்துக்காகவும் தலைமுடிக்காகவும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த முகங்களில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். விதி எண்கள்தான் வந்தன. அதற்காக அன்றைக்குத்தான் அவர் வெட்கப்பட்டார், நிஜமாகவே வெட்கப்பட்டார்.

வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். பேனாவைத் திறந்ததும் கை பழக்கத்தில் 'மேற்படி' என்றே தொடங்கியது. அடித்தார். 'கீழ்க்காணும்' என்று தொடங்கினார். அதையும் அடித்தார். 'இதன் மூலம்' என்று ஒன்று வந்து நின்றது, அதற்கும் கோடு. இவ்வளவு காலம் எழுதியும் தன் பெயரில் ஒரு நேரான வாக்கியம் எழுதத் தெரியவில்லையே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் எழுதினார்: 'போன வருஷம் அந்தப் பெண் நேரத்துக்கு வந்தாள். நான்தான் அவளை வெளியே அனுப்பினேன். நான் செய்தது தப்பு. இந்த வருஷ விதியையும் நான்தான் தப்பாக எழுதினேன். அச்சகத்தின்மேல் பழி போட்டதும் நான்தான்.'

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுத ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

தலைவர் இரண்டு தடவை படித்தார். "எல்லாம் புரியுதா? எல்லாம் புரியுது" என்றார். "உங்க எழுத்துல எனக்கு முதல் தடவையே புரிஞ்சது இதுதான் சார்."

விசில் டீச்சர் மனுவை நான்காகக் கிழித்துக் கழுவுதொட்டியில் போட்டார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. கதவருகே போனவர் திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாங்க சார், ஆரம்பிச்சிடுவாங்க" என்றார்.

செயலாளர் வேகமாகத்தான் போனார். அரங்கத்தின் வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். அவர் கையிலும் ஒரு விதிப் புத்தகம் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். முப்பத்தெட்டாவது விதி. போட்டியாளரோட உறவினர் யாராவது ஆட்சேபணை விசாரணையில வாக்குமூலம் குடுத்திருந்தா, அந்தப் போட்டி முடியறவரைக்கும் உள்ள போகக் கூடாதாம். போன வாரம் நீங்கதான் எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தீங்க."

"அது தெரியும்ப்பா. ஆனா அந்த விதி எதுக்காகன்னு யோசிச்சுப் பாக்கணும் இல்ல?"

"எதுக்காக சார்?"

செயலாளர் வாயைத் திறந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. எதற்காக எழுதினார் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

"எழுதுனவரைத்தான் சார் கேக்கணும்" என்றார் காவலாளி பணிவாக.

தலைவரைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் உள்ளே விட்டுவிடுவார். அது அவருக்குத் தெரியும். ஆனால் ஊரான் பிள்ளைக்கு வளையாத விதியைத் தனக்காக வளைக்கச் சொல்லிக் கேட்க அன்று அவருக்கு வாய் வரவில்லை. காலணி அடுக்கி வைக்கும் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளே நடுவரின் விசில் ஒலித்தது.

ஆறு நிமிஷம். மூன்று நிமிஷம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று நிமிஷம். கதவு கனமானது, எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. ரப்பர்மேல் கால்கள் உரசும் சத்தம். தொம்மென்று யாரோ விழும் சத்தம். கூட்டம் ஒரே குரலில் "ஓ" என்றது. யாருக்கு என்று தெரியவில்லை. பாயின்ட் முறைகள் எல்லாம் அவர் எழுதியவைதான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் தன் மகள் மேலே இருக்கிறாளா கீழே இருக்கிறாளா என்று சொல்ல அவரால் முடியவில்லை. அவர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா மோதுறாங்க சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்லலாமா என்று அவருக்கும் சந்தேகம் போல.

இரண்டாவது பாதியில் சத்தம் அதிகமானது. யாரோ காலால் தரையைத் தட்ட, பிறகு எல்லோரும் தட்டினார்கள். சுவர் அதிர்ந்தது. செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். நீண்ட விசில். கைதட்டல். அது நிற்கவே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். கீழுதடு கிழிந்திருந்தது, கொண்டை பாதி அவிழ்ந்து காதின்மேல் தொங்கியது, இரண்டு முழங்கையும் சிவந்திருந்தன.

"ஆறு நாலு" என்றாள்.

"யாருக்கு?"

"அவளுக்கு." அவள் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததை அவள் துடைக்கவே இல்லை. "கடைசி முப்பது செகண்ட்ல நான் அவ காலப் பிடிச்சிட்டேன்பா. பிடிச்சுத் தூக்கியும் ஆச்சு. அவ இடுப்ப இப்பிடித் திருப்பி என்னையே அடியில கொண்டுபோயிட்டா. அந்த எடம் பாத்தீங்களா? என்னமா திருப்புனா! பாத்தீங்கள்ல?"

ஒரு வருஷம் கழித்து அவள் அவரிடம் மல்யுத்தத்தைப் பற்றிப் பேசுகிறாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது.

"இல்லம்மா. நான் பாக்கல. உள்ள போகக் கூடாது."

அவள் சிரிப்பு நின்றது. "கூடாதா? யாரு சொன்னா?" காவலாளி பக்கம் திரும்பினாள். அவர் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அவர ஒண்ணும் சொல்லாத" என்றார் அப்பா. "நான்தான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலணிப் பலகை, காவலாளி, மூடிய கதவு, வியர்த்துப்போய் நிற்கிற எண்பத்தொரு கிலோ மனிதர். பிறகு அவள் இரண்டு அடி பின்னால் போய்க் குனிந்து நின்றாள்.

"கண்ணாடியக் கழட்டிக் குடுங்க அவர்கிட்ட. இப்ப நீங்கதான் நான். என் காலப் பிடிங்க."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பிடிங்கப்பா."

அவர் கண்ணாடியைக் காவலாளியிடம் கொடுத்தார், குனிந்தார், மகளின் காலை இரண்டு கைகளாலும் பிடித்தார். என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஓர் இடுப்பு திரும்பியது, நடைவழி ஒரு தடவை சுற்றியது, மறு நொடி அவர் தரையில் மல்லாந்து கிடந்தார், தலை அடிபடாமல் அவள் கை பின்னந்தலையைத் தாங்கியிருந்தது. பார்வையாளர்கள் கதவு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பல் மருத்துவர், விசில் டீச்சர், 'ரெண்டு நிமிஷம்', அவளுடைய அம்மா, எல்லோரும் வட்டமாக நின்று பார்த்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இப்பிடித்தான்பா போட்டா" என்றாள் மகள் மேலிருந்து.

"அப்புறம்?" என்று கேட்டார் அவர்.